கண் சிமிட்டினால் வருகை

நீங்கள் கடைசியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது சாலையிலிருந்து கண்ணை எடுத்தீர்களே, யாருக்காக எடுத்தீர்கள்? எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் போலீஸ்காரர் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்த ஆள் வேண்டும். திரைக்கு மறுபக்கம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு உங்கள் கண்ணைப் பிடித்து இழுத்தவர் யார்? அவருக்கு அப்படி என்ன அவசரம்? விபத்து நடந்தால் ஓட்டியவரைத் திட்டுகிறோம், திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். இழுத்தவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்த ஒரு பெண்ணின் கதை இது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பெயர் பைலட்.

பைலட் விமானத்தில் ஏறியதுகூடக் கிடையாது. நகரத்தின் தென்கோடியில், பஞ்சர் ஒட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் மேலே அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்க்கிறாள். விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒரே வீச்சில் சேர்த்துவிடும் கைகள் அவளுக்கு. வீட்டில் அப்பா இல்லை, அவரைப் பற்றிய பேச்சும் இல்லை. அம்மாவின் தம்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார், யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்வார், போய்விடுவார்.

அந்த மாமா வீட்டில் சும்மா நின்ற கார்தான் பைலட்டின் கைக்கு வந்தது. பின்பக்க இடது கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. முன்கதவுக் கண்ணாடியை ஏற்ற வேண்டுமென்றால் ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் கையால் தூக்கிவிட வேண்டும். பக்கத்துத் தெருக்களிலிருந்து மூன்று பேர் அதில் ஏறிக்கொள்வார்கள். முன் இருக்கையில் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வரும் சிநேகிதி, குட்டி. பின்னால் நெட்டை என்றொரு பையன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் காதைத் தொடும். அவன் பக்கத்தில் தூங்குமூஞ்சி. ஏறியதும் தூங்குவான், இறக்கிவிட்டால் எழுந்திருப்பான்.

சாவியைத் திருகுமுன் அவள் தினமும் ஒரே மாதிரி சொல்வாள்.

"பெல்ட்டப் போடுங்க. லெஃப்ட் கதவு உள்ள இருந்து திறக்காது. பயமா இருக்கறவங்க இப்பவே இறங்கிடலாம்."

"பைலட், காபி குடுப்பீங்களா?" என்பான் நெட்டை.

"முழங்கால இறக்குடா. கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி தெரியல, உன் மூட்டுதான் தெரியுது."

பெயர் வந்தது இப்படித்தான். ஓட்டுவதிலும் கறார். இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டாள். ஏறியதும் தன் கைபேசியைக் குட்டியிடம் கொடுத்துவிடுவாள். "இறங்குற வரைக்கும் எனக்குப் போனே கெடையாது. யார் கூப்பிட்டாலும் நான் செத்துட்டேன்னு சொல்லு." ஓட்டும்போது கைபேசியைத் தொடும் மாணவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் ஒருத்தியாக அவளைச் சேர்க்க உங்களால் முடியாது. ஒரு நாள்கூட அவள் தொட்டதில்லை.

அப்படிப்பட்டவள்தான் பல்கலைக்கழக வளாகத்துக்குள், பட்டப்பகலில், நடப்பவர்களுக்காகப் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு முதலாண்டுப் பெண்ணின் மீது காரை ஏற்றினாள்.

எப்படி என்பதைச் சொல்ல, அந்தப் பல்கலைக்கழகத்தின் வருகைப்பதிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது இதுதான்.

முன்பெல்லாம் ஆசிரியர் பெயர் படிப்பார், வராதவனுக்காக வந்தவன் குரல் கொடுப்பான். இதைத் தடுக்கச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வளாகத்துக்குள் இருந்தால்தான் அது வேலை செய்யும். அறிவிப்பு மணி அடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் திரையைத் தொட வேண்டும். சிநேகிதனின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு அவனுக்கும் சேர்த்துத் தொட்டார்கள். உடனே முகத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். மாணவர்கள் முகத்தைப் படமெடுத்துச் சிநேகிதனிடம் கொடுத்தார்கள். படம் கண் சிமிட்டாது அல்லவா? ஆகவே திரையைப் பார்த்து இரண்டு முறை கண் சிமிட்ட வேண்டும் என்ற விதி வந்தது. இத்தனையும் வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடநேரம் வீணாகுமாம். மணி எப்போது அடிக்கும் என்பதும் தெரியாது. தெரிந்தால் மாணவர்கள் தயாராகிவிடுவார்களாம். தன் மாணவர்கள் தயாராக இருப்பதைக் கண்டு பயப்படும் கல்விக்கூடம் அது.

வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் மாணவர்கள் எங்கே இருப்பார்கள்? பாதிப் பேர் வாசலுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே, ஸ்டியரிங்குக்குப் பின்னால். வாசலைத் தாண்டியதுமே செயலிக்கு உயிர் வந்துவிடும். அந்தச் சாலையில் காலையில் போய் நின்று பாருங்கள். மணி அடித்ததும் ஸ்கூட்டர்களும் கார்களும் ஒரே நேரத்தில் லேசாக வளையும். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எதற்கோ தலையை ஆட்டி, கண்ணை மூடித் திறப்பார்கள். ஏதோ ஒரு பெரிய கூட்டத்துக்கே ஒரே சமயத்தில் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும்.

அதே பல்கலைக்கழகம் சாலைப் பாதுகாப்பு நாளும் கொண்டாடியது. "வண்டி ஓட்டும்போது கைபேசியைப் பார்க்க மாட்டேன்" என்று எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள். எதில் எடுத்தார்கள் என்கிறீர்கள்? அதே செயலியில்தான். எடுத்தவர்களுக்குப் பச்சை டிக் வந்தது. அன்று வாசல் சாலையில் வந்துகொண்டிருந்த சிலர் ஓட்டியபடியே எடுத்ததாகவும் கேள்வி.

பைலட் கைபேசியைத் தொட மாட்டாள். ஆனால் வருகை வேண்டும். இதற்குக் குட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். மணி அடித்ததும் முன் இருக்கையிலிருந்து எட்டி, பைலட்டின் கைபேசியை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பாள்.

"சிமிட்டு."

பைலட் சிமிட்டுவாள். கை ஸ்டியரிங்கிலேயே இருக்கும். பச்சை வந்துவிடும். நெட்டை பின்னாலிருந்து கைதட்டுவான். அவர்களுக்கு இது ஒரு விளையாட்டு, கொஞ்சம் பெருமையும்கூட. சட்டத்தை மீறாமல் சமாளிக்கிறோம் அல்லவா? கறாரான ஓட்டுநருக்குத்தான் இப்படியொரு தவறு வாய்க்கும். கைபேசியைத் தானே எடுத்துப் பார்க்கிறவனுக்குத் தப்பு செய்கிறோம் என்ற உறுத்தலாவது இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பருவத்தில் அவளுடைய வருகை விளிம்பில் நின்றது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சில நாள் போனது. கார் மக்கர் செய்து சில நாள். வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துச் சில நாள். இன்னும் ஒன்று தவறினால் தேர்வு எழுத முடியாது என்று துறையிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. இறுதியாண்டு வேறு. வாசலை நெருங்கும்போதெல்லாம் அவளுடைய இடது கால் தரையில் தாளம் போட ஆரம்பிக்கும். மணி அடிக்குமா, அடித்துவிட்டதா, சத்தம் கேட்காமல் போய்விட்டதா?

"அடிச்சுதாடி?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீ ரோட்டப் பாரு."

வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வளைவில் மணி அடித்தது. குட்டி கைபேசியை நீட்டினாள். பைலட் சிமிட்டினாள். எதிர்வெயில், பச்சை வரவில்லை. 'முகம் தெளிவாக இல்லை. மீண்டும் முயலவும்' என்றது செயலி.

"இந்தப் பக்கம் திரும்புடி, நிழல்ல. கண்ண நல்லாத் திற. இப்ப சிமிட்டு."

திரும்பினாள். திறந்தாள். சிமிட்டினாள்.

பச்சை வந்தது. கூடவே, காரின் முன்பக்கம் மெத்தையில் மோதியதுபோல ஒரு சத்தமும் வந்தது.

தூங்குமூஞ்சிதான் முதலில் கத்தினான். பைலட் கத்தவில்லை. இறங்கி ஓடினாள். தரையில் ஒரு சின்னப் பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். தொடை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவள் கையிலும் ஒரு கைபேசி, திரை சிலந்திவலையாக உடைந்திருந்தது. அந்த உடைசலுக்குள்ளும் ஒரு பச்சை டிக் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பேருந்திலிருந்து இறங்கி, வெள்ளைக் கோட்டில் நடந்தபடி அவளும் கண் சிமிட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸில் ஏற்றிய பெண்ணும், ஏற்றிவிட்டுச் சாலையிலேயே நின்ற பெண்ணும் அன்றைய முதல் வகுப்பில் இருந்ததாகத்தான் பல்கலைக்கழகத்துக் கணக்கு.

வளாகத்துக்குள் நடந்த விபத்து. ஆகவே பல்கலைக்கழகத்தின் விசாரணை அறிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. அந்த அறிக்கை என்ன சொல்லப்போகிறது என்பதில்தான் இரண்டு பெண்களின் வாழ்க்கையும் தொங்கியது.

சாயங்காலம் மாடி வீட்டுக்கு மாமா வந்தார். ஞாயிறாக இல்லாமல் வேறொரு நாளில் மாமா வருவது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அத்தையும் மேலே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேரம் சரியில்ல. பொண்ணு காரு ஓட்டுறான்னு தெருவே பாத்துச்சு. கண்ணு பட்டுடுச்சு," என்றாள் அத்தை.

எத்தனை வசதியான கண் அது! யாருடையது என்று காட்ட வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டியதில்லை, தண்டிக்க வேண்டியதில்லை. நேரமும் அப்படித்தான். அதை யார் தீர்மானித்தது என்று கேட்காத வரைக்கும், நேரம் தானாகவே கெட்டுப்போகும். அந்தக் காலை நேரத்தைத் தீர்மானித்தவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். இதை அத்தையிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

மாமா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். "நேரம் கெடக்கட்டும். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. போன் உன் கையில இருந்துச்சா?"

"இல்ல மாமா."

"அவ்வளவுதான். சட்டத்துல ஓட்டுறவங்க கையில வெச்சிருந்தாங்களான்னுதான் கேட்டிருக்கு. நீ வெச்சிக்கல. உன் சிநேகிதிதான் உன் முகத்துக்கு முன்னாடி நீட்டி மறைச்சிட்டா."

"அவளா நீட்டல மாமா. நான்தான் நீட்டச் சொன்னேன்."

"அத நீ சொல்லணும்னு யார் கேட்டா? அந்தப் பொண்ணும் போனப் பாத்துக்கிட்டேதான் வந்திருக்கா. திடீர்னு குறுக்க வந்தான்னு ஒரு வரி. உன் படிப்பு தப்பிச்சிடும்."

அம்மா துவைத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "தம்பி," என்றாள் தலை நிமிராமல், "அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?"

"அது எதுக்கு?"

"எங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்குது. எலும்பு வார்டு. அங்க போற விரிப்ப நான்தான் மடிக்கிறேன்."

கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் பைலட் எலும்பு வார்டுக்குப் போனாள். மாடிப்படியில் பாதி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். வார்டு கதவருகே ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள், கழுத்தில் மறந்துபோய்த் தொங்கிய அளவு நாடா. அந்தப் பெண்ணின் அப்பா, தையல்காரர்.

"நீதானா?" என்றார்.

"ஆமாங்க."

"எதுக்கு வந்த? மன்னிப்பு கேக்கவா? கேட்டுட்டுப் போ. நான் குடுக்கற மனநிலையில இல்ல."

"மன்னிப்பு கேக்க வரல. கேட்டா ஆகிடுமா? எப்படி இருக்கான்னு பாக்க வந்தேன்."

அவர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார். பிறகு குரலை இறக்கினார். "உங்க யுனிவர்சிட்டியில இருந்து ஒருத்தர் வந்தாரு. எம் பொண்ணு போனப் பாத்துக்கிட்டுக் குறுக்க வந்துட்டான்னு எழுதப் போறாங்களாம். அப்படி எழுதிட்டா இந்தக் கால அவளேதான் ஒடச்சிக்கிட்டான்னு ஆயிடும். கால் எப்ப சேருமோ. பேரு கெட்டா அது சேராது. உனக்கு என்ன தண்டனையோ எனக்குத் தெரியாது, அதுல எனக்குச் சந்தோஷமும் இல்ல. நீ பாத்ததச் சொல்லு. அது போதும்."

உள்ளே அந்தப் பெண் காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் கிடந்தாள். பைலட்டைப் பார்த்ததும் அவள் கேட்டது வலியைப் பற்றி இல்லை.

"அக்கா, உங்களுக்குப் பச்சை வந்துச்சா?"

"வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சுக்கா. அடிச்சப்பறம் அதத்தான் முதல்ல பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், இடுப்பு வலித்ததில் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "கால் போச்சேன்னு அப்பறம்தான் தோணுச்சு."

பைலட் வெளியே வந்து வராந்தாவில் நடந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும். நர்ஸ் ஒருத்தி "உக்காரும்மா, தல சுத்துது பாக்கறவங்களுக்கு" என்றாள். உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால், திறக்கச் சொல்லும் குட்டியின் குரல் கேட்டது.

விசாரணைக் குழு பதிவாளரின் கூட்ட அறையில் கூடியது. நீள மேசை, கண்ணாடி ஜாடியில் தண்ணீர், கனத்த திரைச்சீலைகள். கதவோரம் ஒரு பிரம்புக் கூடை. உள்ளே வருகிறவர்கள் கைபேசியை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். கைபேசி கையில் இருந்தால் கூட்டத்தில் கவனம் சிதறுகிறது என்று பதிவாளரே போட்ட ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்கே இத்தனை முன்னெச்சரிக்கை எடுத்துக்கொண்ட மனிதர்கள்தான் ஓடும் வண்டியில் இருப்பவர்களைக் கண் சிமிட்டச் சொன்னவர்கள்.

பதிவாளர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். முதலாண்டு மாணவி கைபேசியைப் பார்த்தபடி திடீரெனக் குறுக்கே வந்ததால் விபத்தைத் தவிர்க்க இயலவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடும்மா. விஷயம் இதோட முடிஞ்சிடும். நீயும் பரீட்சை எழுதலாம்."

"திடீர்னு வரல சார். அவ வெள்ளைக் கோட்டு மேலதான் நடந்துக்கிட்டிருந்தா."

"போனப் பாத்துக்கிட்டு நடந்தாளா இல்லையா?"

"நானும்தான் பாத்தேன்."

"நீ போனத் தொடவே இல்லன்னு உன் வண்டியில வந்த எல்லாரும் சொல்றாங்களே."

"கை ஸ்டியரிங்லதான் இருந்துச்சு சார். கண்ணு ரோட்டுல இல்ல. நடக்கறவ எங்க வேணா பாக்கலாம். ஓட்டுற நான்தான் பாத்திருக்கணும். தப்பு என்னோடதுன்னே எழுதுங்க."

பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவரைப் பார்த்தார். இப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "சரி. கவனக்குறைவா போனப் பாத்தேன்னு எழுதிக்கலாம். அப்ப தண்டனை வரும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார். போன்ல எதப் பாத்தேன்னும் எழுதுங்க."

"அது தேவையில்லாத விவரம்."

"அவ போனப் பாத்தது மட்டும் தேவையான விவரமா சார்?"

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "வருகைப்பதிவு எல்லாருக்கும் பொதுவானதும்மா. நிறுத்தி, ஓரங்கட்டிட்டுப் பண்ண வேண்டியதுதானே? உன்ன யாரு ஓட்டிக்கிட்டே..."

அவர் முடிக்கவில்லை. கூடையில் யாரோ அணைக்க மறந்த கைபேசி ஒன்று அடித்தது. மேசையைச் சுற்றியிருந்த அத்தனை தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. உதவியாளர் ஓடிப்போய் அணைத்தார்.

"என்ன கேட்டுக்கிட்டிருந்தேன்?" என்றார் துறைத்தலைவர்.

"ஓட்டிக்கிட்டே ஏன் பாத்தேன்னு கேட்டீங்க சார்," என்றாள் பைலட். அவள் சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம்தான் குடுக்கறீங்க. அந்த ரோட்டுல ஓரங்கட்ட இடமே கெடையாது. வகுப்புல எல்லாரும் உக்காந்தப்பறம் மணி அடிக்கக் கூடாதா?"

"பாடநேரம் வீணாகும்."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் வீணாகப் போகுது சார்."

அச்சடித்த தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் நடந்ததை அவளே எழுதினாள். மணி, வெயில், குட்டியிடம் தான் சொன்னது, மீண்டும் முயலவும், பச்சை, வெள்ளைக் கோடு. எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பதிவாளர் பக்கம் நகர்த்தினாள்.

அறிக்கை வந்தது. ஓட்டுநரே கோட்டில் மோதியதாக எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் மேல் பழி போட அவர்களால் முடியவில்லை. அந்த மட்டில் பைலட் ஜெயித்தாள். செயலியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'கைபேசியைப் பார்த்தபடி வாகனம் ஓட்டிய மாணவி' இந்த ஆண்டு தேர்வு எழுதக் கூடாது. ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. பத்திரிகையில் மூலையில் ஒரு செய்தி, கூடவே இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பே இல்லை என்று ஒரு பெரியவரின் புலம்பல். அந்தப் பெரியவர் அதைக் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, தன் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே எழுதியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவள் குற்றமற்றவள் என்று நான் வாதாடவில்லை. அவளே வாதாடவில்லையே. ஒரு குற்றத்தில் இரண்டு பேர் இருக்கும்போது ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றினால் அதற்குப் பெயர் நீதி இல்லை, துப்புரவு.

வீட்டில் அவளால் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அந்த நேரம் வந்தால் கால் தாளம் போடும். மூன்றாவது நாள் பேருந்து ஏறிப் பல்கலைக்கழக வாசலுக்குப் போனாள். உள்ளே விட மாட்டார்கள். வெளியே நடைபாதையில் நின்றுகொண்டு, வரிசையில் ஊர்ந்து வரும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் தட்டினாள்.

"மணி அடிச்சா வண்டிய நிறுத்திடுங்க. நின்ன இடத்துலயே. முடிச்சிட்டுப் போங்க."

"பின்னாடி ஹார்ன் அடிப்பாங்கக்கா."

"அடிக்கட்டும். ஹார்ன் அடிச்சா எலும்பு ஒடையாது."

சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒருவன், "இடிச்சவளே வந்து புத்தி சொல்றா பாரு," என்றான். அவள் முகம் சிவந்தது, ஆனால் அடுத்த வண்டியைத் தட்டினாள். குட்டி வந்து பக்கத்தில் நின்றாள். விபத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. பக்கத்து வரிசை வண்டிகளைக் குட்டி தட்ட ஆரம்பித்தாள்.

முதலில் நின்றது நெட்டை வந்த வண்டி. யாருடைய ஸ்கூட்டரிலோ பின்னால் உட்கார்ந்து வந்தவன், மணி அடித்ததும் இரண்டு நீளக் கால்களையும் தரையில் ஊன்றிவிட்டான். ஓட்டியவனுக்கு வேறு வழியில்லை. அவன் பின்னால் ஒரு கார் நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. அடுத்தடுத்த நாட்களில் அது வழக்கமாகிவிட்டது. மணி அடித்தால் வளைவிலிருந்து வாசலைத் தாண்டி வெளிச்சாலை வரைக்கும் வண்டிகள் இஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும். ஒருநாள் பதிவாளரின் காரும் மாட்டிக்கொண்டது.

அவர் கண்ணாடியை இறக்கினார். "என்ன இங்க? போராட்டமா?"

"போராட்டம் இல்ல சார், வருகைப்பதிவு," என்றான் முன்னால் நின்ற பையன் பணிவாக. "விதிப்படி பண்றோம். முடிஞ்சதும் போயிடுவோம்."

பல்கலைக்கழகம் அசைந்துகொடுத்தது. எப்படி என்று கேளுங்கள். மணியை வகுப்புக்குள் மாற்றவில்லை. செயலியில் ஒரு பொத்தானைச் சேர்த்தார்கள். வண்டி நகர்வது தெரிந்தால், 'நான் ஓட்டவில்லை' என்ற பொத்தான் திரையில் வரும். அழுத்தினால்தான் மேலே போகும். இனி விபத்து நடந்தால் கேட்க நாதியில்லை. ஓட்டியவன் பொய் சொன்னான் என்று முடித்துவிடலாம். ஓட்டுகிறவனை ஒரு தடவை கூடுதலாகத் திரையைப் பார்க்க வைத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பொத்தான் வந்த மறுநாள் வரிசை பாதியாகக் குறைந்தது. அழுத்திவிட்டுப் போவது நிற்பதைவிடச் சுலபம்.

அந்த முதலாண்டுப் பெண் ஊன்றுகோலோடு வகுப்புக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். மணி அடித்தால் எங்கே இருந்தாலும் நின்றுவிடுகிறாளாம். பைலட் இன்னும் வாசலில்தான் இருக்கிறாள். அம்மா வேலை பார்க்கும் சலவைப் பிரிவில் பிற்பகல் வேலை, காலையில் நடைபாதை. அடுத்த ஆண்டு தேர்வுக்கு மறுபடி சேர வேண்டும். சேர்ந்தால் அவள் கைபேசியிலும் அந்தப் பொத்தான் வரும்.

உங்கள் கைபேசியிலும் இப்படி ஒன்று வரும், வேறு பெயரில், வேறு நிறத்தில். வந்தால் அழுத்தாதீர்கள். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள் என்றால், அவருக்காகவும் அழுத்தாதீர்கள். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் நாளைக்கே அந்தக் கல்விக்கூடத்துக்குப் போங்கள். பொறுப்பானவரின் மேசை முன்னால் உட்காருங்கள். பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகு மணி அடிக்கச் சொல்லுங்கள். பாடநேரம் வீணாகும் என்பார். எழுந்து வந்துவிடாதீர்கள்.